கோடையில் ஃபிளை ஃபிஷிங்: முதலில் தெர்மாமீட்டர், பிறகு ராடு

ஃபிளை ஃபிஷிங் பழக நினைக்கிறவர்களில் பலர் கோடையில்தான் தொடங்குகிறார்கள். விடுமுறை கிடைக்கும், தண்ணீரில் இறங்கி நிற்கலாம், பூச்சிகளும் நிறையப் பறக்கும். குளிர்ந்த ஆற்றில் வாழும் மீன்களுக்கோ வருடத்திலேயே கடினமான காலம் அதுதான். அதனால் எந்த ராடு, அதாவது எந்தத் தூண்டில் கம்பு, வாங்கலாம் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது: நீங்கள் போகப் போகும் தண்ணீர் கோடையில் எவ்வளவு சூடாகிறது? எந்த மீனைத் தேடலாம் என்பதை அந்தச் சூடு சொல்லும். எந்த ராடு வேண்டும் என்பதை அந்த மீன் சொல்லும். இந்த வரிசையில் யோசிக்கிறவர் குறைந்த செலவில் ஒரே ராடை வாங்கிப் பல வருடம் ஓட்டலாம். தலைகீழாக யோசிக்கிறவர் முதல் கோடை முடிவதற்குள் இரண்டாவது ராடு தேடுவார்.

இதற்கே புதியவர்களுக்கு அடிப்படையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடையோ இரையின் எடையோ நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த செயற்கைப் பூச்சிக்கு, அதாவது ஃபிளைக்கு, எடையே கிடையாது. தடித்த பூச்சுள்ள லைன்தான் எடை, அதைத்தான் வீசுகிறோம். ராடும் லைனும் ஜோடி சேர வேண்டும் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

1. தண்ணீரை அளந்து பாருங்கள்

மீன் தொட்டியில் போடும் சாதாரண தெர்மாமீட்டர் போதும். அதை நூலில் கட்டி, நிழல் விழுகிற இடத்தில், ஓடுகிற தண்ணீரில், முழங்கால் ஆழத்தில் ஒரு நிமிடமாவது பிடித்து, வெளியே எடுத்ததும் படியுங்கள். கரையோரம் தேங்கி நிற்கும் தண்ணீரில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். மீன் அங்கே இருப்பதில்லை, அந்த அளவால் பயனும் இல்லை.

குளிர்ந்த ஆற்றில் வாழும் டிரவுட் வகை மீன்கள் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக மேயும். 18-ஐத் தொட்டால் உஷாராக வேண்டும். 20-ஐத் தொட்டால் ராடைக் கழற்றிவிட வேண்டும். அதில் ஒரு வகையான ப்ரூக் டிரவுட் இன்னும் மென்மையானது, அதற்கு 18-லேயே நிறுத்திவிடுவது நல்லது.

20-ல் ஏன் நிறுத்த வேண்டும்? தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது. கடல் மட்டத்தில் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் வரை கரையும். 20 டிகிரியில் 9.1, 25 டிகிரியில் 8.3. மலைமேல் இதைவிடவும் குறைவு. அதே நேரத்தில், குளிர் ரத்தப் பிராணியான மீனின் உடல் சூடு ஏற ஏற வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு சுருங்கிச் செலவு பெருகும் அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டி ஐந்து நிமிடம் போராடினால் அதனால் மீளவே முடியாமல் போகலாம். கையிலிருந்து விட்டதும் நீந்திப் போகும். சில மணி நேரம் கழித்துக் கீழே எங்காவது செத்து ஒதுங்கும். நம் கண் முன்னால் நீந்திப் போனது பிழைத்ததற்கு அத்தாட்சி ஆகாது.

ஆற்றுத் தண்ணீர் சூரியன் எழுந்த சிறிது நேரம் வரை மிகக் குளிர்ந்திருக்கும், பிற்பகல் நான்கு முதல் ஆறு மணிக்குள் உச்சச் சூட்டை எட்டும். வெயில் தாழ்ந்ததும் நமக்குக் காற்று சுகமாக இருக்கும், ஆனால் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்: மாலைக் குளிர்ச்சியை நம்பி இறங்குகிறார்கள், தண்ணீரில் இன்னும் 21 டிகிரி இருக்கிறது. கோடையில் டிரவுட்டுக்கு விடியற்காலையே நேரம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆறுகள் மிகவும் சூடேறும்போது பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். உங்கள் ஆற்றில் அப்படித் தடை இருக்கிறதா, உரிமம் வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

பாசியும் நீர்ச்செடியும் மண்டிய குளங்களுக்குக் கணக்கு வேறு. செடிகள் பகலில் ஆக்சிஜனை வெளிவிட்டு இரவு முழுக்க உறிஞ்சும். அதனால் விடியலில் தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் ஆக்சிஜன் அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைக்காதீர்கள். மூச்சுக்குத் திணறுகின்றன. அங்கே சூரியன் ஏறி இரண்டு மணி நேரம் போகட்டும்.

தண்ணீர் 20-ஐத் தாண்டிவிட்டால் அன்றைய நாள் வீண் என்று ஆகாது. பாஸ், புளூகில், கெண்டை, திலேப்பியா போன்ற சூடு தாங்கும் மீன்கள் 20 முதல் 28 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும். முதல் கோடைக்கு இவைதான் நல்ல ஆசிரியர்கள். பாஸும் புளூகிலும் டிரவுட் அளவுக்கு நுணுக்கம் பார்க்காமல் பிழையான வீச்சையும் மன்னிக்கும்.

2. மீன் ஒதுங்கும் இடம்

கோடையில் ஆறு வற்றித் தெளிந்துவிடும். வசந்தத்தில் மீன் நின்ற ஆழமான மடுவில் அடி வரைக்கும் தெரியும், மீன் தெரியாது. கற்களில் மோதிச் சலசலக்கும் ஓட்டத்துக்கு அவை நகர்ந்திருக்கும். தண்ணீர் உடைந்து காற்றோடு கலப்பதால் அங்கே ஆக்சிஜன் அதிகம், மேற்பரப்பு கலங்கியிருப்பதால் மேலிருந்து வரும் பறவைக்கும் மீன் தெரியாது. முழங்கால் ஆழம்கூட இல்லாத ஓட்டத்தில், ஒரு பாறைக்குப் பின்னாலுள்ள சின்ன அமைதியில், நல்ல மீன் நிற்கும். ஊற்று கசிகிற கரை, குளிர்ந்த ஓடை வந்து சேரும் வாய், மரம் கவிந்த நிழல், வேர்களுக்கு அடியில் அரித்துப்போன கரை ஆகியவற்றையும் பாருங்கள். தெர்மாமீட்டரை இந்த இடங்களிலும் போட்டால் ஓடை வாய் நடு ஆற்றைவிடக் குளிர்ந்திருப்பது தெரியும். ஆனால் முழு ஆறும் கொதிக்கும்போது அந்த ஒரு மூலையில் குவிந்து கிடக்கும் மீன்களைத் தொடாதீர்கள். அவை அடைக்கலம் தேடி வந்தவை.

அடிமட்ட மதகு வழியாகத் தண்ணீர் விடும் அணைகளுக்குக் கீழே ஆறு கோடையிலும் குளிர்ந்தே ஓடும். மீன் பிடிக்க அருமையான இடம், முன்னறிவிப்பில்லாமல் தண்ணீர் ஏறும் இடமும் அதுதான். திறப்பு நேரம் தெரியாமல் இறங்கக் கூடாது.

3. ராடின் எண்ணைத் தீர்மானிப்பது

ராடின் அடிப்பகுதியில் 4, 5, 6 என்று ஓர் எண் எழுதியிருக்கும். அது ராடின் எடையைச் சொல்வதில்லை, அது எந்த லைனை வீசுவதற்குச் செய்தது என்பதைச் சொல்கிறது. லைனின் முதல் 30 அடி, அதாவது 9.1 மீட்டர், எவ்வளவு எடை என்பதை வைத்து எண் தருகிறார்கள். 4 வெயிட் லைன் 120 கிரெயின், சுமார் 7.8 கிராம். 5 வெயிட் 140 கிரெயின், 9.1 கிராம். 6 வெயிட் 160 கிரெயின், 10.4 கிராம். 8 வெயிட் 210 கிரெயின், 13.6 கிராம்.

கோடை முழுக்க 18 டிகிரிக்குக் கீழேயே இருக்கும் ஆறு உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் 9 அடி நீள 5 வெயிட் எடுங்கள். குளம், ஏரி, சூடான ஆறு என்றால், அல்லது இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க முடியவில்லை என்றால், 9 அடி 6 வெயிட். பல இடங்களில் எல்லோருக்கும் 5 என்றே சொல்வார்கள். கோடையில் தொடங்குகிறவருக்கு 6 கூடுதலாக உதவும் என்பது எங்கள் கருத்து. வெட்டுக்கிளி போன்ற பருத்த ஃபிளையைக் காற்றில் தள்ளிக்கொண்டு போகும், பாஸுக்கும் நடுத்தரக் கெண்டைக்கும் ஈடு கொடுக்கும், மாட்டிய மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவர உதவும். பெரிய கெண்டை மட்டுமே குறி என்றால் 7 அல்லது 8. கையளவே உள்ள சின்ன மீன்கள் வாழும் ஓடைகளுக்கு 3 அல்லது 4 இனிமையாக இருக்கும், ஆனால் அது இரண்டாவது ராடாக இருக்கட்டும்.

புதரடர்ந்த சிறு ஓடை மட்டும்தான் என்றால் இன்னும் சிக்கனமான வழி ஒன்று உண்டு: ஜப்பானிய தென்காரா ராடு. லைன் சுற்றும் ரீல் கிடையாது, லைன் ஓடும் வளையம் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் 3.3 முதல் 3.9 மீட்டர் ராடின் நுனியில் அதே நீளத்துக்கு நரம்பைக் கட்டி வீசுவதுதான். கற்க ஒரு மணி நேரம் போதும். பெரிய மீன் மாட்டினால் விட்டுக் கொடுக்க லைன் இருக்காது என்பது மட்டுமே குறை.

4. மலிவான ராடில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கார்பன் ஃபைபர் குழாய் செய்யும் தொழில்நுட்பம் பரவலாகிவிட்டதால், இன்றைய மலிவு ராடின் தண்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கைப்பிடியின் கார்க்கில் ஓட்டைகளைப் பூச்சால் அடைத்திருப்பார்கள், ரீல் மாட்டும் இடத்தில் மரத்துக்குப் பதில் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ இருக்கும், உறை சாதாரணத் துணியாக இருக்கும். இதெல்லாம் பரவாயில்லை. ஆர்விஸ் கிளியர்வாட்டர், எக்கோ, ரெடிங்டன், டெம்பிள் ஃபோர்க் போன்ற பெயர்களில் வரும் தொடக்கநிலை ராடுகள் இந்த வகைதான்.

ஐஎம்6, ஐஎம்8, 30 டன், 40 டன் என்று பெட்டியில் எழுதியிருப்பதில் மயங்க வேண்டாம். அவை நாரின் விறைப்பைக் குறிக்க வந்தவை, ராடின் தரத்துக்கான முத்திரையாக ஆகிவிடாது. விறைப்பு கூடக் கூடத் தண்டு லேசாகும், கூடவே அடிபட்டால் நொறுங்குகிற குணமும் வரும்.

வளைவுதான் முக்கியம். ஃபாஸ்ட் என்று சொல்லும் ராடு நுனியில் மட்டும் வளையும், மீடியம் நடுவரை வளையும், ஸ்லோ அடிவரை வளையும். ராடின் எண் 9 மீட்டர் லைன் வெளியே இருக்கும் நிலைக்குக் கணக்கிட்டது. புதியவர்கள் வீசுவதோ ஆறு ஏழு மீட்டர். அந்தக் குறைந்த எடைக்கு ஃபாஸ்ட் ராடு வளையவே வளையாது, கையில் குச்சியைப் பிடித்த மாதிரி இருக்கும், லைன் எப்போது நேராகிறது என்ற தகவல் கைக்கு வராது. எனவே மீடியம் அல்லது மீடியம்-ஃபாஸ்ட் கேளுங்கள். ஃபைபர் கிளாஸ் ராடு சற்று கனமாகவும் மெதுவாகவும் இருக்கும், ஆனால் அடி தாங்கும். குட்டி ஓடைக்கும் சிறுவர்களுக்கும் அது மோசமில்லை.

இனி ராடைக் கையில் வாங்கிப் பாருங்கள். 9 அடி ராடு நான்கு துண்டாக, ஒவ்வொன்றும் சுமார் 70 செ.மீ நீளத்தில் வரும். துண்டுகள் இணையும் இடத்தில்தான் மலிவு ராடு தன் சாயத்தை வெளுக்கும். மேல் துண்டின் வாயைக் கீழ்த் துண்டின் தலையில் செருகி, மெதுவாக அழுத்துங்கள். கடைசி ஒரு செ.மீட்டரில் எதிர்ப்பு படிப்படியாகக் கூடி, உள்ளே காற்று சிக்கிய மாதிரி ஒரு இறுக்கம் வந்து நிற்க வேண்டும். திடீரென்று டக்கென்று முட்டினால் உள்ளே பொருத்தம் சரியில்லை. செருகிய பிறகு அந்த இணைப்பை இரண்டு விரலால் பிடித்து ராடை லேசாக ஆட்டிப் பாருங்கள். விரலுக்கு ஒரு சின்ன டிக் டிக் தெரிந்தால் அந்த ராடு வேண்டாம். முதல் பெரிய மீனிலோ ஆயிரமாவது வீச்சிலோ அந்த வாய்தான் பிளக்கும். வாயைச் சுற்றி நூல் சுற்றிப் பசை பூசியிருக்க வேண்டும், அதுதான் பிளவைத் தடுக்கிறது.

அடுத்து வளையங்கள். 9 அடிக்கு நுனி வளையத்தைத் தவிர குறைந்தது ஒன்பது இருக்க வேண்டும். குறைந்தால் லைன் நடுவில் தொங்கி உரசும். எல்லா வளையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று அடியிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றினால் கண்ணுக்குத் தெரியாத கீறலில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அந்தக் கீறல் லைனின் பூச்சை அறுத்துவிடும். கடைசியாக ரீலை மாட்டி, திருகை இறுக்கி, ரீலை இருபுறமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது.

பழைய ராடு வாங்குவதும் நல்ல வழியே. மேற்சொன்ன சோதனைகளோடு, ஒவ்வொரு துண்டையும் நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமானால் உள்ளே விரிசல் இருக்கலாம். நுனி வளையம் அடுத்த வளையத்துக்குச் சந்தேகப்படும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால் நுனி முறிந்து குட்டையாக்கி ஒட்டியிருக்கிறார்கள். சில பழைய ராடுகளில் இணைப்பில் அரை முதல் ஒரு செ.மீ இடைவெளி தெரியும். உள்ளே தனிச் செருகு வைத்த அமைப்பு அது, தேய்மானத்துக்காக விட்டது, குறை அல்ல.

5. மிச்சம் பிடித்ததை லைனில் போடுங்கள்

மலிவு ராடில் நல்ல லைன் நன்றாக வேலை செய்யும், விலை உயர்ந்த ராடில் மட்டமான லைன் செய்யாது. ராடும் ரீலும் லைனும் சேர்ந்து ஒரே பெட்டியில் வரும் தொகுப்புகளில் எப்போதும் பலவீனம் லைன்தான். மிதக்கும், முன்பக்கம் கனமான வகை வேண்டும்; 6 வெயிட்டுக்கு உறையில் டபிள்யூஎஃப்6எஃப் என்று இருக்கும். இப்போது வரும் பல லைன்கள் குறிப்பிட்ட எண்ணைவிட அரை எண், ஓர் எண் கூடுதல் எடையில் செய்யப்படுகின்றன, ஃபாஸ்ட் ராடை வளைப்பதற்காக. மீடியம் ராடில் அது தொளதொளப்பாகத் தெரியும். உறையில் கிரெயின் கணக்கு அச்சிட்டிருந்தால் மேலே சொன்ன எண்களோடு ஒப்பிடுங்கள்.

கோடைக்கு இன்னொரு விஷயம். குளிர்நீருக்கென்று செய்த மென்மையான பூச்சுள்ள லைன் கடும் வெயிலில் துவண்டு பிசுபிசுக்கும், வளையத்தில் ஒட்டும். தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் இருக்கும் இடமென்றால் வெப்பமண்டல லைன் என்று கேட்டு வாங்குங்கள். அதையே குளிர்நீரில் போட்டால் கம்பிச்சுருளாக விறைத்துவிடும். கொசு விரட்டி மருந்தில் உள்ள டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். புறங்கையில் பூசிக்கொண்டு உள்ளங்கையைக் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள்.

ரீலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டிரவுட்டுக்கு அது லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி. கெண்டைக்கு மட்டும் சீராக இறங்கும் டிஸ்க் பிரேக் தேவை, இல்லையென்றால் முதல் ஓட்டத்திலேயே நரம்பு அறும். லைனுக்குப் பின்னால் 20 பவுண்டு தாங்கும் பேக்கிங் நூல் 50 முதல் 100 மீட்டர் சுற்றுங்கள்.

லைன் முனையில் லீடர், அதாவது அடியில் தடித்து நுனியில் மெலியும் நைலான் நரம்பு. தங்கூஸ் பழகியவர்களுக்கு இது புரியும், ஆனால் இந்த மெலிவு இல்லாவிட்டால் ஃபிளை நேராகப் போய் இறங்காது. 9 அடி நீளம் வாங்குங்கள். நுனித் தடிமன் எக்ஸ் கணக்கில் வரும், எண் கூடினால் நரம்பு மெல்லியது: 3எக்ஸ் 0.20 மி.மீ, 4எக்ஸ் 0.18, 5எக்ஸ் 0.15, 6எக்ஸ் 0.13. முள்ளின் எண்ணை மூன்றால் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் கிட்டத்தட்ட வந்துவிடும். 14-ஆம் எண் முள்ளுக்கு 5எக்ஸ். தெளிந்த கோடைத் தண்ணீரில் மெல்லிய நரம்பு ஏமாற்ற உதவும்தான், ஆனால் 6எக்ஸில் மீனை அழுத்தி இழுக்க முடியாமல் போராட்டம் நீளும். நரம்பை மெலிதாக்குவதற்குப் பதில் லீடரை 11, 12 அடிக்கு நீட்டிப் பாருங்கள். அதே பலன் கிடைக்கும், மீனுக்கும் நல்லது.

6. கோர்ப்பது

மேலிருந்து கீழாகச் சேருங்கள்: நுனித் துண்டை அடுத்ததில், அதை அடுத்ததில், கடைசியில் பிடியுள்ள துண்டு. நேர்கோட்டிலிருந்து கால்வாசி திருப்பிச் செருகி, அழுத்திக்கொண்டே வளையங்களை நேராக்குங்கள். இணைப்பு வழுக்கினால் சாதாரண மெழுகுவத்தியைக் கீழ்த் துண்டின் தலையில் லேசாகத் தேய்த்தால் பிடிக்கும்.

லைனை வளையங்களில் கோர்க்கும்போது நரம்பு நுனியைக் கோர்க்காதீர்கள். தடித்த லைனை ஓரடி மடித்து, அந்த மடிப்பை வளையம் வளையமாகத் தள்ளுங்கள். கை நழுவினாலும் மடிப்பு விரிந்து வளையத்தில் மாட்டி நிற்கும், எல்லாம் உருவிக் கீழே வராது. நுனி வளையத்தைத் தாண்டியதும் லீடரைக் கீழ்நோக்கி இழுத்து நுனியை யூ மாதிரி வளைத்துவிடுவார்கள். புது ராடுகள் மீனே பார்க்காமல் முறிவது அப்படித்தான். லைனை ராடுக்கு நேராக முன்னோக்கி இழுங்கள்.

ஃபிளையைக் கட்ட கிளிஞ்ச் முடிச்சு போதும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, அதே நரம்பின் மேல் ஐந்து சுற்று சுற்றி, காதருகே உருவான கண்ணியில் நுனியை விட்டு, திரும்ப வெளிக்கண்ணியில் விட்டு, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலவீனமாகும்.

7. புல்தரையில் மூன்று நாள்

தண்ணீருக்குப் போகும் முன் புல்வெளியில் பழகுங்கள். சிமென்ட் தரை லைனின் பூச்சை உரித்துவிடும். ஃபிளைக்குப் பதில் லீடர் நுனியில் கம்பளி நூல் ஒரு துளி கட்டுங்கள். தொப்பியும் கண்ணாடியும் பழகும்போதிலிருந்தே போடுங்கள்.

ஏழு மீட்டர் லைனை முன்னால் நீட்டி, ராடு நுனியைத் தாழ்த்தி, தொய்வை எடுத்துவிடுங்கள். மெதுவாகத் தூக்கத் தொடங்கி வேகம் கூட்டி, ராடு உச்சியை லேசாகத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துங்கள். லைன் பின்னால் விரிந்து நேராகும்வரை பொறுத்து, அதேபோல் முன்னால் தள்ளிச் சட்டென்று நிறுத்தி, பிறகு நுனியைத் தாழ்த்துங்கள். நிறுத்துவதில்தான் ராடு நிமிர்ந்து லைனை எறிகிறது. பின்னால் சாட்டை மாதிரி சத்தம் வந்தால் பொறுக்காமல் தள்ளிவிட்டீர்கள். அப்படியே தொடர்ந்தால் ஃபிளைகள் நரம்பு நுனியில் அறுந்து பறக்கும். லைன் பின்னால் தரையில் விழுந்தால் மணிக்கட்டு அதிகமாக மடிந்து ராடு பின்னால் சாய்கிறது. ராடின் அடிமுனையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு வீசினால் மணிக்கட்டு அடங்கும். லீடரில் தானாக ஒரு சின்ன முடிச்சு விழுந்திருந்தால் காற்றைப் பழிக்காதீர்கள், வேகத்தை முன்கூட்டியே கொடுத்ததால் வந்தது. அந்த முடிச்சு நரம்பின் பலத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

8. கோடைப் பெட்டியில் என்ன ஃபிளை

பூச்சியியல் படிக்க வேண்டியதில்லை. கோடையில் கரையிலிருந்து தவறி விழும் எறும்பு, வண்டு, வெட்டுக்கிளிதான் மீனுக்குப் பெரிய தீனி. கறுப்பு எறும்பு 16 (இவை முள்ளின் எண்கள்), வண்டு 14, வெட்டுக்கிளி 10, காடிஸ் என்ற நீர்ப்பூச்சி 14, நீருக்குள் மூழ்கிப் போகும் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் 16 என்று ஒவ்வொன்றிலும் மூன்று வைத்தால் கோடையை ஓட்டிவிடலாம். பாஸுக்கும் புளூகில்லுக்கும் சிறிய பாப்பர், அதாவது சத்தமெழுப்பி மேலே மிதக்கும் ஃபிளை, இரண்டு. வெட்டுக்கிளியைப் பூப்போலப் போட வேண்டாம். புல் சாய்ந்த கரையிலிருந்து ஒரு சாண் தள்ளி, சத்தம் வர விழட்டும். நிஜ வெட்டுக்கிளி அப்படித்தான் விழும்.

தெளிந்த தண்ணீரில் மீன் ஓட்டத்தை எதிர்த்துப் பார்த்து நிற்கும். நீங்கள் கீழிருந்து மேலாக வந்தால் அதன் முதுகுப் பக்கம் இருப்பீர்கள். நிழல் தண்ணீரில் விழாமல், முதலில் கிட்டத்துத் தண்ணீரில் வீசி, பிறகு தூரத்துக்குப் போங்கள். ஃபிளை ஓட்டத்தோடு சும்மா மிதந்து வர வேண்டும். குறுக்கே கோடு கிழித்துக்கொண்டு வந்தால் லைனின் நடுப்பகுதியை வேக ஓட்டம் இழுக்கிறது, அந்தப் பகுதியை ராடு நுனியால் தூக்கி மேல்பக்கம் புரட்டிப் போடுங்கள்.

9. மாட்டிய பிறகு

கிளம்பும் முன்பே முள்ளின் நுனிக்குப் பின்னால் துருத்தும் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மாட்டியதும் ராடை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடிப்பகுதி வளையும்படி அழுத்தம் கொடுங்கள். நேர் மேலே தூக்கி நுனியால் இழுத்தால் மீனும் வராது, மீன் காலடியில் இருக்கும்போது ராடும் முறியும்; பல முறிவுகள் இந்தக் கடைசி மீட்டரில் நடப்பவை.

ரப்பர் வலையில் எடுத்து, வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அதுதான் அதற்கு நோய்த் தடுப்பு. படம் எடுப்பதென்றால் எல்லாம் தயாரான பின் தூக்கி, நீங்கள் மூச்சைப் பிடித்து விடுவதற்குள் திரும்பத் தண்ணீரில் வையுங்கள். பிறகு ஓட்டத்தைப் பார்த்தபடி மெல்லத் தாங்குங்கள். செவுள் மூடி வேக வேகமாக அடிப்பது மெல்லச் சீராகும், வால் உங்கள் விரலைத் தள்ளும், அப்போது விடுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருந்தால் திரும்பவும் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 19 தாண்டியிருக்கும்.

10. வெயிலும் இடியும்

கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும். இடி கேட்டதுமே ராடைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரை விட்டு வெளியேறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் ஒதுங்கியே ஆக வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுக்க வேண்டும். மின்கம்பிக்கு அடியில் வீசவே கூடாது.

ஈர ராடை உறையில் போட்டு மூடிய காரில் விட்டால் உள்ளே ஆவி பிடித்து மேல்பூச்சு கொப்பளிக்கும், கார்க்கில் பூஞ்சை பூக்கும், லைன் பசையாகும். வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து, ஒரு இரவு நிழலில் சாய்த்து வைத்த பிறகே உறைக்குள் போடுங்கள். துண்டுகள் இறுகிக் கழறவில்லையென்றால் குறடு எடுக்காதீர்கள், வளையத்தைப் பிடித்துத் திருகாதீர்கள். இன்னொருவரை எதிரே நிற்க வைத்து, இருவரும் இணைப்பின் இரு பக்கமும் ஆளுக்கொரு கை வைத்துப் பிடித்து, நேராக இழுங்கள். இளகாவிட்டால் உள்ளே செருகியிருக்கும் பக்கத்தில் சில நிமிடம் ஐஸ் வைத்துவிட்டு மறுபடி இழுத்தால் வந்துவிடும்.